மாயமா, சாகசமா, சரித்திரமா: எதில் தொடங்குவது?

தண்டையார்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து மாலை நேரத்தில் ஒரு சின்னப் படிப்பகம் நடத்துகிறோம். அங்கே வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, ராஜா கதை, மாயாஜாலக் கதை, அந்த மாதிரி எதனா குடுங்க. ஆனா படிச்சு முடிக்கிற மாதிரி இருக்கணும்." கேட்பவர் ஆறாம் வகுப்புப் பையனின் அம்மாவாக இருப்பார், துறைமுகத்தில் ஷிப்ட் பார்ப்பவராக இருப்பார், ரயில்வேயில் ஓய்வுபெற்ற பெரியவராகவும் இருப்பார். 'படிச்சு முடிக்கிற மாதிரி' என்று அவர்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாதியில் நின்ற புத்தகம் ஒன்று ஏற்கெனவே அவர்கள் வீட்டில் இருக்கும். எது என்று கேட்கவே வேண்டாம், பொன்னியின் செல்வன் முதல் பாகம்.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. எல்லோரும் அதையே முதல் புத்தகமாகக் கையில் திணிப்பதுதான் சரியில்லை என்கிறேன். மாயம், சாகசம், பழைய காலம் மூன்றையும் 'கற்பனைக் கதை' என்று ஒரே அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். மூன்றும் ஆற்றும் பசி வேறு வேறு, கேட்கும் உழைப்பும் வேறு வேறு.

## எதை வைத்துப் பார்ப்பது

கதை சுவையாக இருக்குமா என்று கேட்டால் மூன்றும் தேறிவிடும், அதனால் அந்தக் கேள்வி உதவாது. நான் பார்ப்பது இவற்றை.

முதலாவது, நடுவில் விட்டால் மறுபடி தொடர முடியுமா. இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கும் மூன்று பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் அம்மாவுக்கும் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இரண்டாவது, மொழி எவ்வளவு முரண்டு பிடிக்கும். மூன்றாவது, வாய்விட்டு வாசிக்க வருமா. நம் வீடுகளில் தனி அறை கிடையாது. ஒருவர் படித்தால் நாலு பேர் காதில் விழும், அதை வசதியாக மாற்றிக்கொள்ளலாம். நான்காவது செலவு. அட்டையில் போட்ட விலை அதில் பாதிதான். மீதியை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். கடைசியாக, அந்தக் கதை எந்த ஏக்கத்தைத் தொடுகிறது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை.

## மாயக் கதை: விக்கிரமாதித்தனும் அவன் உறவுக்காரர்களும்

மாயக் கதை என்றதும் கோலும் மந்திரமும்தான் நினைவுக்கு வரும். நம் பழைய மாயக் கதைகளின் சுவை வேறு இடத்தில் இருக்கிறது. விக்கிரமாதித்தனுக்கு ஆயிரம் ஆண்டு சிம்மாசனத்தில் அமர்ந்து ஆளும் வரம் கிடைக்கிறது. அவன் மந்திரியும் தம்பியுமான பட்டி காளியிடம் போய் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கி வந்துவிடுகிறான். அண்ணனுக்கு ஆயிரம், தம்பிக்கு இரண்டாயிரம், எப்படிச் சரிக்கட்டுவது? பட்டி வரத்தின் வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறான். ஆயிரம் ஆண்டு என்பது சிம்மாசனத்தில் இருக்கும் காலத்துக்குத்தானே? வருஷத்தில் ஆறு மாதம் ஆளட்டும், ஆறு மாதம் காட்டில் திரியட்டும், கணக்கு இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாதம், நாடாறு மாதம் வந்தது இப்படித்தான். தாலுகா ஆபீஸ் படி ஏறி இறங்கியவர்களுக்குப் பட்டியின் சாமர்த்தியம் சட்டென்று பிடித்துப்போகும்.

வேதாளம் செய்வதும் அதேதான். பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால் தலை வெடித்துவிடும். வாய் திறந்தால் அது மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். அதாவது மாயத்துக்குக் கறாரான சட்டம் உண்டு, அந்தச் சட்டத்துக்குள் புத்தியுள்ளவன் நுழைய ஒரு சந்தும் உண்டு. பலமில்லாதவன் பிழைக்கும் வழி தெரியவேண்டும் என்கிற ஏக்கத்துக்கான கதை இது. குழந்தைகளுக்குப் பிடிப்பதும் அதனால்தான். அவர்கள் வாழ்வதே பெரியவர்கள் போட்ட சட்டங்களுக்குள்தான்.

இந்தக் கதைகளுக்கு வடசென்னையிலேயே ஒரு முகவரி இருந்தது. 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டு வந்த விக்கிரமாதித்தன் கதையையும் மதனகாமராஜன் கதையையும் வெளியிட்டு ஊர் ஊராக அனுப்பியவர்களில் பேர்பெற்றவர்கள் கொண்டித்தோப்பு பி. இரத்தின நாயகர் ஸன்ஸ். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் மங்கிய வெளிச்சத்தில் படிப்பவரும் சிரமப்படாத அளவுக்குப் பெரிய அச்சு. தஞ்சாவூர்ப் பக்கத்துத் திண்ணையில் இருந்தவர்கூடக் கொண்டித்தோப்பின் பெயரைப் புத்தகத்தில் பார்த்திருப்பார். நம் பகுதியைப் பற்றி வழக்கமாகப் பேசப்படும் விஷயங்களில் இது சேர்வதே இல்லை.

விட்டுத் தொடர்வதில் இந்த வகையை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சிம்மாசனத்தின் 32 படிகளில் 32 பதுமைகள்; ஏற வரும் போஜராஜனை நிறுத்தி ஒவ்வொன்றும் கதை சொல்கிறது. பத்தாவது பதுமையோடு மூடி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பதினொன்றைத் திறந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

இனி மறைந்திருக்கும் செலவு. பழைய பதிப்புகளில் வாக்கியம் மூச்சுவிடாமல் ஓடும், முற்றுப்புள்ளி அபூர்வம். மௌனமாகப் படித்தால் தலை சுற்றும். வாய்விட்டு வாசித்தால் தானாகப் பிரிந்து விழும், ஏனென்றால் அவை வாசித்துக் காட்டுவதற்காக அச்சிடப்பட்டவை. இதைவிடப் பெரிய செலவு கதைக்குள்ளேயே இருக்கிறது. கிளைக் கதைகளில் பெண்களை வஞ்சகியாகக் காட்டுவது சர்வசாதாரணம், சாதிப் பேச்சும் வரும். மதனகாமராஜன் கதையின் பன்னிரண்டு கதைகள் பெரியவர்களுக்கானவை. 'ராஜா கதைதானே' என்று பிள்ளையிடம் கொடுத்துவிடாதீர்கள். சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை என்றாலும், பலவற்றில் புதிரின் முனையை மழுக்கிவிட்டு நீதியை மட்டும் வைத்திருப்பார்கள். அதற்கு 1947 ஜூலையில் தொடங்கிப் பல தலைமுறைகளுக்கு வேதாளத்தை அறிமுகம் செய்த அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் எவ்வளவோ மேல். இதழ் நின்றுவிட்டது, பழைய பிரதிகள் பழைய புத்தகக் கடைகளில் மாட்டும்.

ஹாரி பாட்டர் தமிழில் வந்திருக்கிறதே என்று கேட்பார்கள். படத்தைத் தமிழில் பார்த்த பிள்ளை என்றால் தாராளமாகக் கொடுங்கள். மொத்தம் ஏழு புத்தகம், போகப் போகத் தடிமன் கூடும், விலையும் கூடவே ஏறும் என்பது தெரிந்து கொடுங்கள்.

## சாகசம்: காமிக்ஸும் கடலும்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்கிறவர்களுக்கு இரண்டாம் பக்கத்திலேயே பிடித்துவிடும், பிடிக்காதவர்களுக்கு எத்தனை விளக்கினாலும் ஏறாது.

சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதலில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்து வளரும் பையனுக்கு இதைவிடப் பொருத்தமான ஹீரோ கிடைக்கமாட்டார். அப்புறம் 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது, இத்தாலியிலிருந்து டெக்ஸ் வில்லர் குதிரையில் வந்தார். பிரிட்டிஷ் உளவாளியும் அமெரிக்கக் கௌபாயும் நல்ல தமிழில் பேசுவதில் ஒரு தனிச்சுகம் உண்டு. எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு, படத்தைப் பார்த்து வார்த்தையை ஊகித்துக்கொள்ளும் வசதியைத் தருவது இந்த வகை மட்டும்தான். தமிழே தகராறு என்று ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை அழைத்து வருபவர்களிடம் நான் வேறு எதையும் காட்டுவதில்லை.

செலவு கையைக் கடிக்கும். ஒரு காலத்தில் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய சமாசாரம் இன்று பெரும்பாலும் சந்தா, இணையம், ஜனவரி புத்தகக் காட்சி என்று போய்விட்டது. வழவழத் தாளில் வண்ணத்தில் வருவதால் விலையும் அதற்கேற்ப இருக்கும். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், உடனே அடுத்தது வேண்டும். பழைய இதழ் தேடும் கிறுக்கு பிடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம்; சேகரிப்பவர்கள் சொல்லும் விலைக்கும் கதைக்கும் சம்பந்தம் இருக்காது. இன்னொன்று, வாய்விட்டு வாசிக்க இது ஒத்துவராது. பக்கத்தில் இருப்பவருக்கு 'டுமீல்' மட்டும்தான் கேட்கும்.

பெரியவர்களுக்கு எழுத்திலேயே சாகசம் வேண்டுமென்றால் சாண்டில்யனின் கடல் புறா, மூன்று பாகம். கதாநாயகன் கருணாகர பல்லவன் கப்பலோடு கடாரப் பக்கம் போகிறான். காற்று, பாய், கடற்சண்டை எல்லாம் விலாவாரியாக வரும். காசிமேட்டில் படகு வைத்திருக்கும் ஒருவர் இதைக் குற்றம் கண்டுபிடித்தபடியே ரசித்துப் படித்தார். அதுவும் ஒரு ரசனைதான். கதாநாயகியை வர்ணிக்க ஆரம்பித்தால் கப்பல் நங்கூரம் போட்டுவிடும், அந்த இடங்களில் பக்கம் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

சாகசம் தொடும் ஏக்கம் எளிது: இருக்கும் இடத்தைவிட்டு நகர வேண்டும். மாதக்கணக்கில் ஒரே பேருந்து, ஒரே கேட், ஒரே மேஸ்திரி என்று இருப்பவருக்கு வேண்டியது இதுதான்.

## சரித்திர நாவல்: கல்கியிலிருந்து திருவொற்றியூர் வரை

பொன்னியின் செல்வன் ஏன் பாதியில் நிற்கிறது? ஐந்து பாகம் என்பதால் மட்டும் அல்ல. அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். 300-ஐ நெருங்கும் அத்தியாயங்களை அன்றைய வாசகர்கள் மூன்றரை வருஷத்துக்கும் மேலாகப் படித்தார்கள். நடுவில் ஒரு வாரம் முழுக்கக் கதையைப் பற்றித் தெருவில் பேசிக்கொள்ள அவகாசம் இருந்தது. நாம் அதைக் கோடை விடுமுறையில் முடித்துவிட நினைக்கிறோம். பழுவேட்டரையர் பெரியவரா சின்னவரா, யார் எந்தப் பக்கம் என்று மூன்றாம் நாளே குழம்பி மூடிவிடுகிறோம்.

வந்த விதத்திலேயே படித்தால் அது வேறு புத்தகம். அத்தியாயம் சின்னது, முடிவில் ஒரு கொக்கி. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு அத்தியாயத்தை நிம்மதியாக முடிக்கலாம். நாளுக்கு ஒன்று என்றால் பத்து மாதத்தில் முடிந்துவிடும். வந்தியத்தேவன் ராஜா இல்லை. நாடிழந்த குலத்துப் பையன், ஒரு குதிரை, சில ஓலைகள், வாய்ச்சாலகம், அவ்வளவுதான் அவன் சொத்து. அரண்மனைக்குள் எப்படியோ நுழைந்துவிடுகிறவன் கண்ணால் பார்ப்பதால்தான் அந்த அரண்மனை நமக்கும் ருசிக்கிறது.

கைக்காசைப் பொறுத்தவரை இதுதான் மலிவு. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை, பலர் பதிப்பிக்கிறார்கள், இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். மலிவுப் பதிப்பு வாங்கினால் எழுத்துப் பொடியாக இருக்கும், நாற்பது தாண்டியவர்கள் அதைத் தொடவேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு நம்பிக்கையில் வருகிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது உண்மை. கொலைகாரர்களின் உறவினர் நிலத்தைப் பறித்ததைப் பற்றிய உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது. நாவலில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. நாவலைப் படித்துவிட்டு இரண்டையும் ஒரே தராசில் வைத்து டீக்கடையில் சண்டைக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சாதி எந்த ராஜாவின் வாரிசு என்கிற வழக்குக்கு நாவலைச் சாட்சிக்குக் கூப்பிடும் பழக்கம் இன்னும் மோசம். வீட்டில் வளரும் பையன் இருந்தால், 'எது கல்வெட்டு, எது கதை' என்று கூடவே பேசுவதற்கான நேரத்தையும் இந்தப் புத்தகத்தின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. சரித்திர நாவல் என்றாலே காவிரிக்கரை என்றாகிவிட்டது. பழைய காலத்தின் மீது நமக்கு இருக்கும் மோகத்தில் பாதி, 'நான் நிற்கும் இடத்தில் முன்பு என்ன நடந்தது' என்கிற ஆசைதான். அந்த ஆசையை வடசென்னைக்காரர் தஞ்சாவூரில் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் ஊரில் சரக்கு இல்லையா என்ன? திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் கல்வெட்டுகளில் சதுரானன பண்டிதர் என்ற ஒரு துறவி வருகிறார். கேரளத்திலிருந்து வந்து சோழ இளவரசன் ராஜாதித்தனோடு நட்பாக இருந்த வீரர். 949-ல் தக்கோலப் போரில் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே மாண்டபோது இவர் பக்கத்தில் இல்லை. கூட நின்று சாகமுடியவில்லையே என்று மனம் உடைந்து துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்தில் வந்து தங்கிவிட்டார். ஒரு முழு நாவலுக்கான கரு, வடிவுடையம்மனைக் கும்பிட்டுவிட்டு நாம் தினம் கடந்துபோகும் கோயிலின் கல்வெட்டில் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் எம்டன் கப்பல் சுட்டுத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும் அப்படித்தான்.

நம் பக்கத்து ஆள் ஒருவரைத் தொட்டு எழுதிய நல்ல நாவல் என்று நான் கைகாட்டுவது பிரபஞ்சனின் மானுடம் வெல்லும். புதுச்சேரிக் கதைதான், ஆனால் அதற்கு ஆதாரமான நாட்குறிப்பை எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பெரம்பூரில் பிறந்தவர். இதில் வாள் சுழற்றல் குறைவு. துபாஷிகள் எனப்படும் மொழிபெயர்ப்பாளர்களும் வியாபாரிகளும் தாசிகளும் சாதாரணச் சனங்களும்தான் அதிகம். கல்கியை முடித்துவிட்டு 'எல்லாம் அரண்மனையிலேயே நடக்கிறதே' என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு அடுத்த புத்தகம் இது. முதல் புத்தகமாகக் கொடுத்தால் தாங்காது.

## ஒரு பார்வையில்

| | மாயக் கதை | சாகசம் | சரித்திர நாவல் |
|---|---|---|---|
| விட்டுத் தொடர | மிக எளிது | காமிக்ஸில் அந்தப் பேச்சே இல்லை. கடல் புறாவில் சிரமம் | பல வாரம் விட்டால் தடுமாறும் |
| மொழி | பழைய நடை, வாசித்தால் வசப்படும் | மிக எளிது | எளிது. பெயர்கள்தான் குழப்பும் |
| வாய்விட்டு வாசிக்க | அதற்கென்றே பிறந்தது | காமிக்ஸ் ஒத்துவராது | நன்றாக வரும் |
| கைக்காசு | குறைவு | அதிகம் | இலவசமாகவும் கிடைக்கும் |
| மறைந்த செலவு | பெண்கள், சாதி பற்றிய பழைய பார்வை | அடுத்தது அடுத்தது என்னும் வெறி | கதையைச் சரித்திரமாக நம்பிவிடுவது |
| தொடும் ஏக்கம் | பலமில்லாதவன் பிழைக்கும் வழி | இடத்தைவிட்டு நகர்வது | நிற்கும் மண்ணுக்கு ஆழம் |

## யாருக்கு எது

பன்னிரண்டு வயதுக்குள் என்றால் வேதாளம், நீங்கள் வாசிக்க அவர்கள் கேட்கட்டும். புதிர் வந்ததும் நிறுத்திவிட்டுப் பதிலை அவர்களிடம் கேளுங்கள். தவறான பதில் பெரும்பாலும் சரியானதைவிடச் சுவாரசியமாக இருக்கும்.

தமிழ் எழுத்தைக் கண்டாலே ஓடும் பிள்ளைக்குக் காமிக்ஸ். ஓரிரு இதழை இரவல் வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சந்தா கட்டுங்கள்.

ஷிப்ட் வேலை, தூக்கம் கெட்ட உடம்பு, எப்போதாவது கிடைக்கும் அரைமணி நேரம் என்று இருப்பவருக்கும் விக்கிரமாதித்தன்தான். கல்கியைப் படித்தே தீருவேன் என்றால் ஒலிவடிவில் கேளுங்கள். எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மட்டும் வேண்டாம்.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்களுக்கு நான் சொல்வது தனி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலை பின்னுவதும் படகு மராமத்தும் போக மாலை நேரம் கையில் இருக்கும். கடல் புறாவின் மூன்று பாகத்துக்கு அது போதும். பொன்னியின் செல்வனைத் தொடங்குவதானால் நாலு பேராகச் சேர்ந்து ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது மேல். கோடிக்கரையிலிருந்து தனியாகப் படகு விடும் பூங்குழலி வரும் இடத்தில் கூட்டம் கூடும்.

ஓய்வுபெற்றவர்கள் யாரையும் கேட்க வேண்டாம், நேராகக் கல்கியிடம் போகலாம். பெயர்களை ஒரு தாளில் எழுதிப் புத்தகத்திலேயே செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றில் எதிலும் சேராமல், வெறுமனே 'ஏதாவது நல்லதா குடுங்க' என்று கேட்பவருக்கு என் கை முதலில் போவது பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் மேல்தான். அதை முடித்தவர் ஒரு தடியான புத்தகத்தை முடித்த தைரியத்தோடு திரும்பி வருவார், அதற்குப் பிறகு ஐந்து பாகம் அவரை மிரட்டாது.

வாங்கும் முன் இரவலுக்கு முயலுங்கள். வட்டார நூலகக் கிளைகளில் கல்கியும் சாண்டில்யனும் அநேகமாக இருப்பார்கள், காமிக்ஸ் அநேகமாக இருக்காது. பழைய பிரதிக்கு ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985-ல் அது எரிந்த பிறகு கடைகள் பக்கத்திலேயே அல்லிக்குளத்துக்கு மாறின. பழைய புத்தகக் கடை எதுவானாலும் தொடர் நாவலின் ஒற்றைப் பாகத்தை மலிவாகத் தருகிறேன் என்றால் அவசரப்பட்டு வாங்காதீர்கள், மற்றப் பாகங்கள் வேறு பதிப்பாக, வேறு அளவில்தான் கிடைக்கும். நூலகத்திலும் அப்படித்தான்: முதல் பாகத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் இரண்டாம் பாகம் அலமாரியில் இருக்கிறதா, யாராவது எடுத்துப்போய் மாதக்கணக்கில் திருப்பாமல் வைத்திருக்கிறார்களா என்று நூலகரிடம் கேட்டுவிடுங்கள்.